கட்டில் காலில் கட்டிய பிள்ளை

அக்கா,

நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கோ. ஒரு மணி தாண்டிவிட்டது. பகலில் எழுத உட்கார்ந்தால் மகன் பேனையைப் பறிக்கிறான். நீங்கள் இருந்தபோதும் இப்படித்தானே, எல்லோரும் படுத்த பிறகுதான் உங்களுக்கு ரெலிபோன் எடுப்பேன். "சொல்லும், நான் இன்னும் படுக்கேல்லை" என்பீர்கள். குரலைக் கேட்டாலே தெரியும், பொய் என்று. உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லி லைப்சிக்கிலிருந்து உங்கள் தங்கச்சி கேட்டிருக்கிறா. உங்களைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. உங்களுக்கே எழுதுகிறேன்.

இன்று பின்னேரம் இவர் ஒரு வார் வாங்கி வந்தார். பிள்ளையின் நெஞ்சைச் சுற்றி மாட்டிவிட்டு மற்ற நுனியை நாங்கள் பிடித்துக்கொள்வது. மகனுக்கு ஒன்றரை வயது. நடப்பதில்லை, ஓடுகிறான். நிலக்கீழ் ரயில் மேடையில் அவனோடு நிற்கும்போது எனக்கு உயிர் போய் வரும். அதற்காகத்தான் வாங்கினவர். வீட்டுக்குள்ளேயே மாட்டிப் பார்த்தோம். அவன் யன்னலை நோக்கி ஓடினான், வார் இழுபட்டது. கையில் அந்த இழுவை தெரிந்ததும் எனக்கு அந்த மண்வீடும் கட்டில் காலும்தான் ஞாபகம் வந்தது. கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். "என்ன, நிறம் பிடிக்கேல்லையோ?" என்று இவர் கேட்டார்.

சண்டை நின்று யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த பிறகு வந்த அந்தக் கோடையில் தெரிந்த சனமெல்லாம் ஊருக்குப் போனது. உங்களுக்கு விசா இழுபறி, எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். போக முடியாத இரண்டு பேரும் பேர்லினுக்கு வெளியே ஒரு கழகத்தின் கோடை முகாமுக்குச் சமைக்கப் போனோம். அந்தக் காலத்தில் அமெரிக்கப் புல்வெளியில் போய்க் குடியேறின சனத்தைப் போல ஒரு கிழமை வாழ்ந்து பார்க்கிற ஜேர்மன்காரரின் முகாம். மரவண்டில், நீளப் பாவாடை, புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிக் கட்டின ஒரு வீடு. கழகத்துத் தலைவி கிழமை நாட்களில் வரிக் கந்தோரில் வேலை செய்கிறவ. அமெரிக்காவுக்கு ஒருநாளும் போனதில்லை என்று அவவே சொன்னா. "விசா இருக்கிற சனம் விசர் விளையாட்டு விளையாடுது" என்று நீங்கள் என் காதுக்குள் சொன்னீர்கள்.

மரமில்லாத அந்த வெளியில் குடியேறிகள் காய்ந்த சாணியைத்தான் எரித்தார்களாம். முகாமிலும் அதே அடுப்பு. அவர்கள் கையுறை போட்டு இடுக்கியால் தூக்கினார்கள். நீங்கள் வெறுங்கையால் உடைத்துப் போட்டு ஒரே தீக்குச்சியில் மூட்டினீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் வினையாய்ப் போச்சு. அடுத்த நாள் விடிய, மண்வீட்டு நிலம் புழுதியாய்க் கிடக்கிறதே என்று, பக்கத்துப் பண்ணையில் ஒரு வாளி பச்சைச் சாணி வாங்கி வந்து, கரைத்து, வீடு முழுக்க மெழுகிவிட்டீர்கள்.

தலைவி வாசலில் நின்று தலையில் கைவைத்தா. "இது என்ன? யார் செய்தது?"

"நான்தான். இப்ப சுத்தம்" என்றீர்கள், உங்கள் அரைகுறை ஜேர்மனில், பெருமையோடு.

"சாணியை எரிக்கலாம்! பூசக்கூடாது!"

நீங்கள் என் பக்கம் திரும்பித் தமிழில், "எரிச்சால் சரித்திரம், பூசினால் ஊத்தையோ? கேளும் அவவை" என்றீர்கள். நான் கேட்கவில்லை. இரண்டு பேருமாய்ச் சுரண்டத் தொடங்கினோம்.

மூலையைச் சுரண்டுவதற்காகக் கட்டிலை நகர்த்தினபோதுதான் அதைக் கண்டோம். கட்டில் காலில் ஒரு கயிறு. அதன் மற்ற நுனியில், இடுப்பில் முடிச்சோடு, ஒரு துணிப்பொம்மை.

தலைவி விளக்கம் சொன்னா. கிணறு தூரம். புருஷன் வயலில், இல்லையென்றால் பட்டணத்தில். புல் பிள்ளையின் தலைக்கு மேலே. தாய் தண்ணீருக்குப் போகும்போது பிள்ளையைக் கட்டிவிட்டுத்தான் போவாளாம், புல்லுக்குள் இறங்கின பிள்ளையைத் தேடிப் பிடிக்க ஏலாதாம். நான் வயிற்றில் கைவைத்தபடி வெளியே வந்துவிட்டேன். நீங்கள் வரவில்லை. உள்ளே நின்று நீங்கள் கேள்வி கேட்பது வாசலில் எனக்குக் கேட்டது. "கயிறு எத்தினை அடி? அடுப்பு எட்டாதோ? பனிக்காலத்தில பிள்ளையின்ரை துணியை எங்கை காயப்போட்டவை? பெண்டுகள் அந்த நாட்களுக்கு என்ன செய்தவை?" துவக்குச் சூட்டைப் பற்றியும் குதிரையைப் பற்றியும் எல்லாம் தெரிந்த அந்தக் கழகத்து ஆட்கள், இதற்கெல்லாம் நூலகத்தில்தான் தேட வேண்டும் என்றார்கள். ஐந்து வருடம் இருந்து பயிர் செய்தால் காணி அவர்களுக்கே சொந்தம் என்று தலைவி சொன்னபோது, "அந்தக் காணியில முதல் இருந்த சனம் எங்கை போனது?" என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டு வளவு அப்போது ஆமியின் முள்ளுக்கம்பிக்குள் இருந்தது. தலைவி பாவாடையைத் தட்டிக்கொண்டு வெளியே போய்விட்டா.

நான் புவியியல் பட்டதாரி. பிரெய்ரி என்கிற அந்தப் புல்வெளி எனக்கு வரைபடத்தில் ஒரு பச்சைத் திட்டு, பரீட்சையில் ஒரு கேள்வி. அங்கே துணி காயுமா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பத்தாம் வகுப்போடு நின்ற நீங்கள் அந்த மாதமே நூலகத்தில் சேர்ந்தீர்கள். இங்கிருந்து அந்தப் புல்வெளிக்குப் போன சனம் ஊருக்கு எழுதின கடிதங்கள் ஒரு புத்தகமாய் உங்களுக்கு அகப்பட்டது. அகராதியும் கையுமாய் வாசித்து, ஒரு நீலக் கொப்பியில் தமிழில் எழுதி, ரெலிபோனில் எனக்குச் சொன்னீர்கள். அதில் ஒருத்தி. அவளுக்கு ஒன்றரை வயதில் ஒரு மகன். அவளும் அவனைக் கட்டித்தான் வைத்திருந்தாள். கூரையிலிருந்து மண் கொட்டுகிறதென்று அடுப்புக்கு மேலே துணி கட்டிச் சமைத்தாள். தோய்க்கத் தண்ணி போதாமல் பிள்ளையின் ஈரத்துணியை அடுப்படியில் காயவைத்துத் திரும்பவும் கட்டினாள். பனிப்புயலில் மாட்டுக்கொட்டிலுக்குப் போக வாசலிலிருந்தே கயிறு பிடித்து நடந்தாள். "இண்டைக்கு என்ன செய்தவளாம்?" என்று நான் கேட்பேன், ஏதோ மேல்மாடிக்காரியைப் பற்றிக் கேட்பதுபோல. "உடுப்புத் தோய்க்கப் பண்டிக்கொழுப்பில சவர்க்காரம் காய்ச்சினவள். மணத்தில அவளே சத்தியெடுத்தவளாம்" என்பீர்கள்.

பிறகு வசந்தகாலத்துக் கடிதம் வந்தது. கயிறு உரசி உரசிப் பிள்ளையின் இடுப்பில் தழும்பு விழுந்துவிட்டது, இன்றைக்கு அவிழ்த்துவிட்டேன் என்று அவள் எழுதியிருந்தாள்.

"அதுக்குப் பிறகு?" என்றேன்.

தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. "உமக்கு இப்ப எத்தினை மாசம்?"

"எட்டு."

"அப்ப போய்ப் படும். பிள்ளைத்தாச்சிக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டாம்."

அதோடு நிறுத்திவிட்டீர்கள். மகன் பிறந்த பிறகு கேட்டேன், "துடக்குக் கழியட்டும்" என்றீர்கள். கழிந்தது. "பல்லு முளைக்கட்டும்" என்றீர்கள். ஆறு பல்லு முளைத்தது. பிறகு உங்களுக்கு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழாய்களோடு கிடந்த உங்களிடம், எப்போதோ செத்துப்போன ஒருத்தியின் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று நான் எப்படிக் கேட்பேன்? நீங்கள் போன பிறகு மகனைப் பிள்ளை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். புத்தகத்தின் பெயர் தெரியாமல் குடியேறிகளின் கடிதங்கள் என்றதும் மூன்று அலுமாரி காட்டினார்கள். முதலாவது தட்டிலேயே மகன் கத்தத் தொடங்கிவிட்டான்.

அவனைக் கிற்றாவில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், சேர்த்து இரண்டு கிழமை. இங்கத்தை முறை உங்களுக்குத் தெரியும். முதலில் தாயும் கூட இருக்க வேண்டும். பிறகு ஒருநாள் போயிட்டு வாறன் என்று சொல்லி எழும்பி, கதவுக்கு வெளியே போக வேண்டும். மற்றத் தாய்மார் நாலாம் நாளே போய்விட்டார்கள். நான் அவனுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது என்று ஒருதரம், பல்லு முளைக்குது என்று ஒருதரம் தள்ளிப்போட்டேன். "பயப்படுவது உங்கள் மகன் இல்லை" என்று ஆசிரியை சிரித்துக்கொண்டு சொன்னா. வருகிற திங்கட்கிழமை கட்டாயமாம். அவன் அங்கே நின்றால்தான் செப்ரெம்பரில் என் அவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்படிப்பு, தொடங்கலாம். கிடைத்த அந்தப் படிப்பிடத்தை விட்டால் இன்னொன்று எப்போது வருமோ.

கேள்வி கேட்கிற உங்கள் குணம் மட்டும் என்னில் ஒட்டிவிட்டது, அக்கா. ஆசிரியையிடம் கேட்டேன்: நனைந்த உடுப்பை எங்கே காயப்போடுகிறீர்கள்? மத்தியான நித்திரையால் முதலில் எழும்புகிற பிள்ளை என்ன செய்யும்? முற்றத்துப் படலையின் கொளுக்கி எவ்வளவு உயரம்? "கொளுக்கியை ஒருத்தரும் கேட்டதில்லை" என்றா. கூட்டிப்போய்க் காட்டினா. என் தோளுயரம். அன்றைக்குக் கொஞ்சம் நித்திரை வந்தது. ஆனால் அந்தக் கடிதக்காரியின் பிள்ளை எனக்கு இன்னும் புல்லுக்குள்தான் நிற்கிறான். நீங்கள் கதையை நிறுத்தின விதம்தான் என்னைப் பயப்படுத்துகிறது. நல்ல முடிவென்றால் சொல்லியிருப்பீர்களே?

தங்கச்சி, இந்தக் கடைசிப் பந்தியை மலரில் போட வேண்டாம், இது உங்களுக்கு. அக்காவின் கொப்பிகள் உங்களிட்டைத்தான் இருக்கும். நீல மட்டை போட்டது. கயிற்றை அவிழ்த்த கடிதத்துக்கு அடுத்த பக்கத்தைப் பாருங்கோ. அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அக்கா எழுதியிருந்தால், நல்லதோ கெட்டதோ, அப்படியே எனக்கு எழுதுங்கோ. அக்காவைப் போல ஒளிக்க வேண்டாம். எதுவென்றாலும் திங்கட்கிழமை நான் அந்தக் கதவுக்கு வெளியே போய் நிற்கத்தான் போகிறேன். தெரிந்துகொண்டு நிற்க விருப்பம். கெதியாய்ப் பதில் போடுங்கோ.