வலப்பக்கமாகச் செல்லவும்

மார்ச் 4

நூலகத்தில் இன்று முழுக்கக் கிழிந்த புத்தகங்களுக்கு முதுகு ஒட்டும் வேலை. நகக்கண்ணில் பசை இன்னும் போகவில்லை. வீடு திரும்பியபோது முன்னறையில் அவர் ஒரு மாணவிக்குச் சாலைக் குறிகளை விளக்கிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில்தான் எவ்வளவு பொறுமை. வகுப்பு முடிந்து உள்ளே வரும்போது அந்தக் குரலைச் செருப்போடு வெளியே விட்டுவிடுகிறார்.

சாப்பிடும்போது திடீரென்று, "எல்லை தாண்டி அந்த ஊருக்குப் போயிட்டு வரலாமா? நம்ம கார்லயே" என்றார். கல்யாணமான புதிதில் போவதாக இருந்த நகரம். அப்போது எங்களோடு இருக்கும் அத்தைக்கு, அவருடைய அம்மாவுக்கு, அறுவை சிகிச்சை. பிறகு விட்டுப்போயிற்று.

ஒரு வருடமாக எங்களுக்குள் சண்டைகூடக் கிடையாது. சண்டை இருந்தால் தேவலை. பேச்சே அற்றுப்போய், ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி. இனி ஒன்றும் மிச்சமில்லை என்று நான் முடிவுகட்டியிருந்த நேரத்தில் இப்படி ஒரு கேள்வி.

மார்ச் 6

எதிர்பார்க்கக் கூடாது. எதிர்பார்க்கிறேன்.

மார்ச் 14

எல்லையைத் தாண்டிவிட்டோம். இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. சாவடியைக் கடந்ததும் பெரிய பலகையில் அதற்கான அம்புக்குறி. எதிரே வரும் எல்லோரும் தப்பாக வருவது போல இருந்தது.

"பழகின டிரைவரே இந்த இடத்துல தடுமாறுவான். கை பழைய பக்கத்துக்கே இழுக்கும்" என்றார்.

அவர் கை இழுக்கவில்லை. பெரிய வளைவுச் சந்திப்பில், நான்கு பக்கமும் லாரிகள் நடுவே, வீட்டுத் தெருவில் திரும்புவது போலத் திரும்பினார். இத்தனை வருடம் சொல்லிக்கொடுக்கிறவர் அல்லவா. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் 15

அருங்காட்சியகம். ஆற்றில் படகு. பழைய கோட்டைச் சுவர். வழிகாட்டிப் புத்தகத்தில் படித்ததை நான் சொல்லச் சொல்ல அவர் "ம்" கொட்டினார். படங்கள் எடுத்தோம், எல்லாம் கட்டடங்கள்.

வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டு தரும் இயந்திரம். அதில் இருந்த எழுத்து எங்கள் இருவருக்குமே தெரியாதது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிவதற்குள் அவர் பொத்தான்களைத் தட்டி, சீட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

"எப்படித் தெரியும்?"

"எல்லா மெஷினும் ஒண்ணுதானே."

சாயங்காலம், தானாகவே இறங்கிச் சாவியை நீட்டினார். "இனிமே நீ ஓட்டு."

எங்களுடையது ஓட்டுநர் பயிற்சி வண்டி. பக்கத்து இருக்கையில் அவர் காலடியில் ஒரு பிரேக் உண்டு. அவரிடம் நான் மாணவியாக இருந்த நாட்களில் அதை மிதித்து மிதித்தே என்னை அழவைத்திருக்கிறார். இன்று கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஸ்டியரிங்கைப் புடிச்சிருக்கியா, கழுத்தை நெரிக்கிறியா?"

"உங்க கழுத்துன்னு நெனச்சுக்கிட்டேன்."

சிரித்தார். சத்தமாக. அந்தச் சிரிப்பு எங்கே போயிருந்தது இத்தனை நாள்?

மார்ச் 16

இன்றும் என்னைத்தான் ஓட்டச் சொன்னார். எதையும் சுற்றிப் பார்க்கவில்லை. விடுதியிலிருந்து எல்லைச் சாவடி வரைக்கும், மறுபடி திரும்பி விடுதிக்கு. பிறகு இன்னொரு முறை அதே சாலை. எந்தத் தடத்தில் நிற்க வேண்டும், எங்கே பெட்ரோல் கிடைக்கும், எந்த வளைவில் லாரிக்காரர்கள் ஒதுங்க மாட்டார்கள் — ஒவ்வொன்றாக.

"நான் பக்கத்துல இல்லன்னு நெனச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்னை நம்புகிறார். அப்படித்தானே அர்த்தம்? இதைப் பிரியம் என்று எழுதிக்கொள்கிறேன். பிறகு கோடு போட்டு அடிக்கலாம்.

மார்ச் 17

சொல்லிவிட்டார்.

நகரத்தின் உயரமான கோபுரம். மேல் தளத்தில் காற்று. கீழே எறும்பு வரிசையாக வண்டிகள், எல்லாம் வலப்பக்கம். இங்கே ஒரு ஓட்டுநர் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஜனவரியில் பயிற்சி முகாம் என்று போனாரே — இங்கேதான் வந்திருக்கிறார், இந்த ஊர் உரிமத்துக்கான தேர்வு எழுத. தேறிவிட்டார். இந்த வாரமே சேர வேண்டும்.

"நானு?"

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நமக்குள்ள முடிஞ்சு போச்சுன்னு உனக்கும் தெரியும்ல."

தெரியும். தெரிந்துகொண்டா இவ்வளவு தூரம் வந்தேன்? வீட்டிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றேன்.

"அங்க சொல்ல வாய் வரல."

"கார்?"

"நம்ம ஊர் ஸ்டியரிங். இங்க அதை வெச்சு சொல்லிக்கொடுக்க விடமாட்டாங்க. நீ எடுத்துட்டுப் போயிடு."

அப்போதுதான் உறைத்தது. "அதுக்குத்தான் ரெண்டு நாளா எனக்கு—"

"நல்லாதான் ஓட்டுற" என்றார். மாணவிகளிடம் பேசும் அதே குரலில்.

அழுகை வரவில்லை. எத்தனை நாவல்களில் இந்த இடத்தைப் படித்திருப்பேன். ஒன்றும் உதவவில்லை. காது வலித்தது, காற்றில்.

மார்ச் 18

ஓட்டினேன். அவர் சொல்லிக்கொடுத்ததில் ஒரு பிழையும் இல்லை; எல்லா வளைவும் அவர் சொன்ன இடத்தில் இருந்தது. சாவடியில் இருந்தவர் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்து, "தனியாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முத்திரை குத்தினார். வெளியே வந்ததும் சாலை என் பக்கத்துக்கு மாறியது. அதிலும் எனக்கு வண்டி ஓட்ட வந்தது.

வழியெல்லாம் அத்தையிடம் எப்படிச் சொல்வது என்றே ஒத்திகை பார்த்தேன். உங்க பிள்ளை வரல அத்தை. இல்லை. அவர் அங்கேயே — இல்லை. பெற்றவளுக்கு இதை எந்தச் சொல்லில் சொல்வது?

அத்தைதான் கேட்டைத் திறந்தார். நேராக என் பக்கம் வந்து பையை வாங்கிக்கொண்டார். எங்கள் அறையில் அவருடைய அலமாரி காலி. சட்டைகளை மடித்து, அட்டைப்பெட்டியில் போட்டு, நாடா ஒட்டி வைத்திருந்தது. மேல் பக்கத்தில் அந்த நகரத்தின் முகவரி. மேல் பக்கத்தில் அந்த நகரத்தின் முகவரி.

கைகழுவி வந்தேன். மேசையில் எனக்கு மட்டும் ஒரு தட்டு.

"வழியில டிராஃபிக் இருந்துச்சாம்மா?" என்று கேட்டார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"இல்ல அத்தை" என்றேன். உட்கார்ந்தேன்.