கோழிக்குழம்புப் பிரசங்கம்

பீர்க்கன்கரணை
3 ஜூலை 2024

அன்பு மிகுந்த சகோதரர் துரைராஜ் அவர்களுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நலமாக இருக்கிறேன். நீங்களும் ஷீலாம்மாவும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன். தபால் நிலையத்தில் முப்பது வருஷம் ஆயிரக்கணக்கான கையெழுத்துகளைப் பார்த்தவர் நீங்கள். உறையைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்திருக்கும். உங்கள் செல் நம்பர் யாரிடமும் கிடைக்கவில்லை. அதனால் பழைய வழி.

மெர்சி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. மகன் பெர்த்தில் இருக்கிறான். சனிக்கிழமை தோறும் பேசுவான், "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று இரண்டு கேள்வி, பிறகு அவனுக்கு வேலை வந்துவிடும். நான் ஏரிப் பக்கம் நடக்கிறேன். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். ரசம்தான் இன்னும் என்னைப் பழகிக்கொள்ளவில்லை.

இப்போது ஒரு நல்ல செய்தி. தாம்பரத்தில் அச்சகம் வைத்திருக்கும் ஜெர்சன் என் பிரசங்கங்களைப் புத்தகமாகப் போடப் போகிறான். முப்பத்தோரு பிரசங்கங்கள். கிறிஸ்துமசுக்குள் வந்துவிட வேண்டும் என்கிறான். நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். பிரசங்கம் முடிந்ததும் எந்தச் சபையில், எந்தத் தேதியில் செய்தேன் என்று ஓரத்தில் எழுதுவேன் அல்லவா, அதைப் படித்தாலே பாதி நாள் போய்விடுகிறது. ஒரு நோட்டுக்குள் நம் பாடகர் குழுவின் போட்டோவும் இருந்தது. நீங்கள் நடுவில் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறீர்கள். கடைசி வரிசையில் வாயைத் திறந்தபடி ஒரு ஒல்லி ஆள், யாரென்று நினைவுக்கு வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். 1998 லெந்து தவக்காலத்தில் நான் செய்த "மூடிய கதவு" பிரசங்கம் புத்தகத்தின் முதலில் வர வேண்டும் என்று ஜெர்சன் ஒற்றைக் காலில் நிற்கிறான். இன்றைக்கும் பழைய சபையார் எங்கே பார்த்தாலும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதிலுள்ள உதாரணம் நீங்கள் என்னிடம் பகிர்ந்துகொண்ட விஷயம் என்பதால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை. பெயர் எங்கேயும் சொல்லவில்லை. அச்சிலும் வராது.

அந்த வருஷத்துக்குப் பிறகு நீங்கள் ஆராதனைக்கு வரவில்லை. அதற்கு அந்தப் பிரசங்கம் காரணமாக இருந்திருந்தால் வருந்துகிறேன்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
த. அசரியா
(ஓய்வுபெற்ற ஆயர்)


பீர்க்கன்கரணை
29 ஜூலை 2024

அன்புள்ள துரைராஜ்,

போன கடிதம் கிடைத்ததா? உங்கள் இலாகாவைக் குறை சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

ஜெர்சன் தினமும் கேட்கிறான். எனக்கும் அந்தப் பிரசங்கம் இல்லாமல் புத்தகம் வருவது முன்பல் இல்லாமல் சிரிப்பது போல இருக்கிறது. சரி என்று ஒரு வரி எழுதினால் போதும். வேண்டாம் என்று எழுதினாலும் ஒரு வரி வந்ததே என்று சந்தோஷப்படுவேன். இந்த வீட்டுக்குக் கரண்ட் பில்லும் வங்கிக் கடிதமும் தவிர எதுவும் வருவதில்லை. தபால்காரப் பையன் என் கேட்டில் நிற்பதே இல்லை.

ஷீலாம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
த. அசரியா


அஸ்தினாபுரம்
5 ஆகஸ்டு 2024

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கு,

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முதல் கடிதம் ஜூலை 5ஆம் தேதியே வந்துவிட்டது. இலாகாவின் மேல் தவறில்லை.

ஷீலா போன நவம்பரில் காலமானாள். சபைக்குச் சொல்லவில்லை. பெட்டியைச் சுமக்க என் பழைய ஆபீஸ் ஆட்கள் நாலு பேர் வந்தார்கள்.

பெயர் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். "தபால் இலாகாவில் பணியாற்றும் ஒரு சகோதரர்" என்று சொன்னீர்கள். நம் சபையில் தபால் இலாகாவில் இருந்தது இரண்டே பேர். ஒருவருக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை. நீங்கள் "அவரும் அவர் மனைவியும்" என்றதும் பெண்கள் பக்கம் மொத்தமும் ஷீலாவைத் திரும்பிப் பார்த்தது. நான் பாடகர் குழுவோடு உட்கார்ந்திருந்தேன், எனக்கு எல்லார் முகமும் தெரிந்தது. நான் உங்களிடம் சொன்னேன் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்று. அன்றைக்கு எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு இல்லை. கத்திரிக்காய்க் குழம்பு. "உள்ளே கோழிக்குழம்பு கொதிக்கிறது, வெளியே கூடப்பிறந்தவன் பசியோடு நிற்கிறான்" என்றீர்கள். நீங்கள்தான் அதைக் கோழி ஆக்கினீர்கள். அதன் பிறகு சபையில் எங்கள் வீட்டுக்கு அதுதான் பெயர். ஷீலா சாகும்வரை கோழி சமைக்கவில்லை. "கத்திரிக்காய்தானேங்க, கத்திரிக்காய்தானே" என்று அன்று இரவு முழுக்க அழுதாள்.

நடந்தது இவ்வளவுதான். என் தம்பி பிரிட்டோ குடிப்பான். ஞாயிறு தோறும் சாப்பிட வந்து சத்தம் போட்டுவிட்டுப் போவான். ஒரு வாரமாவது நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று நான் எழுந்து கதவைத் தாழ்போட்டேன். ஃபேனை நிறுத்தினேன், சத்தம் கேட்கக்கூடாதென்று. அவன், "அண்ணா, அண்ணி, வூட்ல யாரும் இல்லியா?" என்று மூன்று தடவை கூப்பிட்டான். சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்தான். பிறகு போய்விட்டான். அன்றிலிருந்து அவனை யாரும் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து நான் ஆலயத்தில் நீங்கள் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறைக்கு உங்களைத் தேடி வந்தது பாவமன்னிப்புக்காக இல்லை. தனியாகத் தேடிப் போகப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரி, ரயில்வே போலீஸ் எல்லா இடத்துக்கும் துணைக்கு வாருங்கள் என்று கேட்டேன். நீங்கள் அங்கியை மடித்துக்கொண்டே கேட்டீர்கள். என் தலையில் கை வைத்து ஜெபித்தீர்கள். அடுத்த ஞாயிறு பிரசங்கம் செய்தீர்கள். தேட வரவில்லை.

அதிலிருந்து ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுக் கதவை மூடுவதில்லை. ஷீலா ஏற்படுத்திய வழக்கம். அவள் போன பிறகும் நான் மூடுவதில்லை.

போட்டோவில் வாயைத் திறந்துகொண்டிருக்கும் ஒல்லி ஆள் பிரிட்டோதான். ஒரு வருஷம் நம் குழுவில் பாடினான். நல்ல குரல்.

அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
சா. துரைராஜ்


பீர்க்கன்கரணை
10 ஆகஸ்டு 2024

துரைராஜ்,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஷீலாம்மா போனது தெரியாமல் இரண்டு கடிதத்திலும் நலம் விசாரித்திருக்கிறேன். மன்னியுங்கள்.

துணைக்கு வாருங்கள் என்று நீங்கள் கேட்டது எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பிரசங்கத்தின் மூன்று பகுதிகளும் இன்றைக்கும் தலைகீழாகத் தெரியும், எந்த இடத்தில் குரலை இறக்கினேன் என்பதுகூட. நீங்கள் கேட்டது மட்டும் இல்லை. அன்றைக்கு வெஸ்ட்ரியில் நீங்கள் பேசப் பேச, அடுத்த ஞாயிற்றுக்கு உதாரணம் கிடைத்துவிட்டது என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதன் பிறகு நீங்கள் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன்.

நோட்டின் ஓரத்தைப் பார்த்தேன். அதே பிரசங்கத்தை ஏழு சபைகளில் செய்திருக்கிறேன். ஏழு இடத்திலும் கோழிக்குழம்புதான்.

மெர்சிக்கு அன்றைக்கே தெரிந்தது. ஆராதனை முடிந்து வந்து சோறு போடும்போது, "அது துரை வீட்டு விஷயம்தானே? ஷீலா முகத்தைப் பார்த்தீங்களா?" என்றாள். "நான் பெயர் சொல்லவில்லையே" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டேன். அவள் மோரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளோடும் இதைப் பேசியிருக்கலாம். இப்போது பேசுவதற்கு இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அச்சில் வராது. கவலை வேண்டாம்.

புத்தகத்துக்காகக் கேட்கிறேன் என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அதுவும் முழு உண்மை இல்லை. ஜெர்சன் கேட்காவிட்டாலும் ஏதாவது சாக்கு வைத்து உங்களுக்கு எழுதியிருப்பேன். ஆறு வருஷம் சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்து என் வீட்டில் காபி குடித்தவர் நீங்கள் ஒருவர்தான். என் பிரசங்கம் நீளம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னவரும் நீங்கள் ஒருவர்தான்.

ஒரு ஞாயிறு மதியம் வந்து பார்க்கட்டுமா? ஜெபம் செய்ய மாட்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

அசரியா


அஸ்தினாபுரம்
19 ஆகஸ்டு 2024

ஐயா,

கடிதம் கிடைத்தது.

ஞாயிறு மதியம் நான் வீட்டில்தான் இருப்பேன். எங்கே போகப் போகிறேன்?

தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஆட்டோ உள்ளே வராது. பார்த்து நடக்க வேண்டும்.

சா. துரைராஜ்


பீர்க்கன்கரணை
27 ஆகஸ்டு 2024

அன்புள்ள துரைராஜ்,

இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். காரணம் கடைசியில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு வந்தேன். நீங்கள் எழுதியபடி ஆட்டோவை முனையிலேயே விட்டுவிட்டு மண்மேட்டைச் சுற்றி நடந்தேன். அங்கிருந்தே உங்கள் கதவு திறந்திருப்பது தெரிந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நாலு வீடு தாண்டி வருவதற்குள் கதவு மூடியது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. நான் வாசலுக்கு வந்ததும் ஃபேன் சத்தம் நின்றது.

ஒரு தடவை தட்டினேன். உள்ளிருந்து குழம்பு வாசம் வந்தது. என்ன குழம்பு என்று எழுத மாட்டேன், எனக்குத் தெரியாது.

எதிர் வீட்டு வாசலில் கூடையை இறக்கி மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார். கங்கையம்மாளாம், கோவளத்திலிருந்து வருகிறாராம். "இன்னா சார், நல்லா தட்டு. அவரு உள்ளதான் கீறாரு. இப்பத்தான் வாசல்ல நின்னுகினு தெருவையே பாத்துகினு இருந்தாரு" என்றார்.

"தூங்குறார் போலம்மா. இன்னொரு நாள் வரேன்" என்றேன்.

"சோறு துன்ற நேரத்துல இன்னா தூக்கம்?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

முழங்கால் வலித்ததால் உங்கள் படியில் கொஞ்சம் உட்கார்ந்தேன். நீங்கள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தீர்கள் என்று நினைக்கிறேன். மூச்சு விடுவது கேட்டது போல இருந்தது, அது என் மூச்சாகவும் இருக்கலாம். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. திறக்க வேண்டும் என்று நினைத்துத்தான் வாசலில் நின்றிருக்கிறீர்கள். என் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. ஷீலாம்மா இருபத்தைந்து வருஷம் திறந்து வைத்த கதவை என்னால் மூட வைக்க முடிந்தது, அவ்வளவுதான்.

அழுகை வந்தது. ஆனால் அதையல்ல நான் சொல்ல வந்தது. உட்கார்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, என் மனம் இதையும் மூன்று பகுதியாகப் பிரிக்க ஆரம்பித்துவிட்டது. ஒன்று, தட்டுகிறவன். இரண்டு, உள்ளே இருக்கிறவன். மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. நாற்பது வருஷப் பழக்கம் துரைராஜ், பிரிட்டோவுக்குக் குடி போல. எழுந்து வந்துவிட்டேன்.

ஜெர்சனிடம் புத்தகத்தில் முப்பது பிரசங்கம்தான் என்று சொல்லிவிட்டேன். "ஐயா, அது இல்லாம எப்படி?" என்று மன்றாடினான். முடியாது என்றேன். காரணம் சொல்லவில்லை. அந்தப் பிரசங்கத்தின் பக்கங்களை நோட்டிலிருந்து கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். வேறு பிரதி கிடையாது. அதனால்தான் பதிவுத் தபால்.

பாடகர் குழுப் போட்டோவில் பிரிட்டோவின் முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பிரதி எடுத்திருக்கிறேன். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை எத்தனை காப்பகங்கள், ஆதரவற்றோர் இல்லங்கள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் போட்டேன். உயிரோடிருந்தால் அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வாரம் ஒரு இடம் போய் விசாரிக்கிறேன். நீங்கள் துணைக்கு வர வேண்டாம். இருபத்தாறு வருஷம் கழித்துத் தேட வந்திருக்கிறேன், தெரியும். ஏதாவது தெரிந்தால் மட்டும் எழுதுகிறேன். தெரியாவிட்டால் தொந்தரவு செய்ய மாட்டேன்.

அடுத்த ஞாயிறு நீங்கள் கதவைத் திறந்தே வையுங்கள். நான் அந்தப் பக்கம் வர மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். பெயர் சொல்லாமலும் சொல்ல மாட்டேன்.

அசரியா