அப்பாவின் ஆறு படங்கள்

என் கணவருக்கு,

இங்கே நானும் மகளும் நலம். உங்கள் நலத்தைத்தான் மாதம் தவறாமல் படமாக அனுப்பிவிடுகிறீர்களே, அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவீர்கள். காகிதம் என்றால் முடிக்கும்வரை குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. தையல் கடையில் முதலாளியம்மா என்னைப் பழுது பார்க்கும் மேசையில் போட்டுவிட்டார். நாள் முழுக்க அடுத்தவர் உடுப்பைப் பிரித்துத் தைப்பதுதான் வேலை. மகள் ஒரு விரல் வளர்ந்திருக்கிறாள், வாய் ஒரு முழம்.

அவள் பள்ளிக்குப் புதிதாக ஓர் ஓவிய டீச்சர் வந்திருக்கிறார். வரைய மட்டுமல்ல, பார்க்கவும் சொல்லித்தருகிறாராம். "கதை அப்புறம். முதல்ல கண்ணுல படுறதைச் சொல்லு, எதைப் பாத்துச் சொல்றேன்னு தொட்டுக் காட்டு" என்பாராம். வீட்டுப் படம் கொண்டுவரச் சொன்னதும் இவள் குதித்தாள். நீங்கள் "இன்னைக்கு எடுத்தது" என்று மாதாமாதம் அனுப்பிய ஆறையும் அச்சுப் போட்டுக் கொடுத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தான்.

பெற்றோர் கூட்டத்தன்று வகுப்புச் சுவரில் ஆறும் வரிசையாக ஒட்டியிருந்தன. ஆறிலும் உங்கள் மோவாயில் சவரக்கத்தி கீறிய அதே சிவப்புக் கோடு. ஆறிலும் சன்னலோரச் செடியில் பாதி விரிந்த அதே பூ. சட்டை மட்டும்தான் வேறு. பூவையும் கீறலையும் வட்டமிட்டு, "எல்லாம் ஒரே நாளில் எடுத்தவை" என்று கீழே எழுதியிருந்தாள். டீச்சர் எல்லார் முன்னாலும் கைதட்டினார். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, "உங்க வீட்டுக்காரர் ரொம்ப சிக்கனம் போல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

அடுத்தவர் தையலில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிப்பவளுக்கு இது தெரியவில்லை. நீங்கள் இளைத்திருக்கிறீர்களா என்று மட்டும்தான் ஒவ்வொரு படத்திலும் தேடினேன். ஆறு மாதப் பாசத்தை ஒரே மூச்சில் முடித்து, மாதம் ஒன்றாக எங்களுக்குப் படியளந்திருக்கிறீர்கள். ஆறு படத்திலும் உங்கள் இரண்டு கையும் மடியில் இருக்கின்றன. நீங்கள் சட்டை மாற்றி வரும்வரை போனைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றது யார் என்று நான் கேட்கவில்லை.

மகளுக்கு வருத்தம் துளியும் இல்லை. "அப்பா செம ஆளும்மா, சட்டை மாத்தி மாத்தி நம்மள ஏமாத்திட்டாரு" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறாள். உங்கள் குறும்பு என்றே நம்புகிறாள்.

இப்போது டீச்சர் அடுத்த வேலை கொடுத்திருக்கிறார். ஒரு படத்தைப் பெரிய தாளின் நடுவில் ஒட்டி, அதற்கு வெளியே என்ன இருக்கும் என்று யோசித்துச் சுற்றிலும் வரைய வேண்டுமாம். உங்கள் படத்தை ஒட்டிவிட்டாள். மற்ற இடமெல்லாம் வெள்ளையாகவே இருக்கிறது. "அப்பா யாரைப் பாத்தும்மா இப்படிச் சிரிக்கிறாரு?" என்று கேட்டாள். அப்பாவையே கேள் என்றேன்.

அவளுக்கு நீங்களே எழுதுங்கள். உண்மையை எழுதுங்கள். முடியாதென்றால் அவள் நம்பும்படி ஒரு பொய்யாவது ஒழுங்காகச் சொல்லுங்கள். பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா