உன் பல்கனிக்கு வெட்டிய நாணல்

புரோசார்டுக்குப் போகும் நெடுஞ்சாலையோரம் நாணல் பூத்துவிட்டது. பார்த்தபடியே காரை மெதுவாக்கினேன். பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் இறங்கியே இருப்பாய். நீ இல்லாதது எனக்கு இன்னும் பழகவில்லை.

நீ நோயில் விழுந்த அந்த வருடம் மகள் பெரியபிள்ளையாகியிருந்தாள். நான் சாமத்தியவீட்டுச் சடங்குக்கு மண்டபம் பிடித்து, சேலையும் எடுத்துவிட்டேன். அவளோ, "அம்மா, என்னைச் சோடிச்சுச் சனத்துக்குக் காட்டாதேங்கோ" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நாம் வேலைசெய்த கார்டரியில், அந்தக் குழந்தைகள் காப்பகச் சமையலறையில், உன்னோடு கரட் சீவியபடி அழுதேன். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா என்று என் அரைகுறை பிரெஞ்சில் உனக்கு விளக்கினேன். நீ பானை மூடியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாய்.

பிறகுதான் நீ பிறந்த நாடான சுவாசிலாந்தின் கதையைச் சொன்னாய். அரசனின் தாய் வீட்டுக்குக் காற்றுத்தடுப்பு வேலி கட்ட, கல்யாணமாகாத பெண்பிள்ளைகள் கூட்டமாக நடந்துபோய் நாணல் வெட்டிச் சுமந்து வருவார்களாம். ஆட்டமெல்லாம் அதன் பிறகுதானாம். வெளியார் ஆட்டத்தை மட்டும் படமெடுப்பதில் உனக்குக் கோபம். "எங்களைப் பார்க்கத்தான் வந்தார்கள். ஆனால் நாங்கள் வேலையை முடித்துவிட்டு நின்றோம்" என்றாய்.

அப்போதே உனக்கு மருந்து ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். குளிர் தாங்காமல், ஆற்றுக் காற்று அடிக்கும் பல்கனியில் உட்காருவதை விட்டிருந்தாய். இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது மகள் கதவைத் திறந்தாள். "அப்ப அன்ரின்ர பல்கனிக்கு நாங்கள் வேலி கட்டுவமா?"

சிநேகிதிகளைக் கூட்டிப்போய் இதே சாலையோர நாணலை வெட்டினாள். குட்டையானதை நீ ஏற்கவில்லை; திருப்பி அனுப்பினாய். பூ மேலே தெரிய நிமிர்த்திப் பிடித்து அவர்கள் உன் வீட்டு வெளிப்படியில் ஏறி வந்தபோது, நீ உன் மொழியில் பாடினாய். தெருவே பார்த்தது. மகள் தலை குனியவில்லை. எனக்குப் பெருமையில் கண் நிறைந்தது.

மண்டபத்தை வேண்டாமென்றுவிட்டேன். வேலி கட்டியதும் அங்கேயே பால்ரொட்டி பகிர்ந்தோம். மகளுக்குச் சுற்றிய ஆலாத்தித் தட்டின் மறுபக்கத்தை நீ பிடித்து, எதிர்த்திசையில் சுற்றினாய். நானும் உன்னோடு சுற்றிவிட்டேன். இலையுதிர்காலம் முழுவதும் அந்த வேலிக்குள் போர்வையோடு உட்கார்ந்திருந்தாய். பனி கரையும்முன் போய்விட்டாய்.

இன்று வீட்டுக்கு வந்து நாணல் பூத்ததைச் சொன்னேன். மகள் கத்தரிக்கோலைத் தேடியபடி, "இந்த முறை ஆருக்கு அம்மா?" என்றாள். கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்த நோயாளிப் பெண்ணைச் சொன்னேன்.

உயரமானதாகப் பார்த்துத்தான் வெட்டுவோம். குட்டையானதை நீ ஏற்கமாட்டாய்.