இப்படிக்கு

ஜூன் 3
மறுபடியும் நோட்டீஸ் பெட்டிகள், நூலகப் பட்டியலில் ஏற்ற. கடை திறப்பு, பழைய பஸ் டிக்கெட், கண்ணீர் அஞ்சலி, தேர்தல் வாக்குறுதி. இடுப்பு ஒடிகிறது. நூலகக் கணினிக்கோ எதற்கும் ஆசிரியர் பெயர் வேண்டும், போடாவிட்டால் நகராது. பல் பிடுங்கும் டாக்டரின் நோட்டீஸுக்கு நான் எங்கே போய் ஆசிரியரைத் தேடுவது?

ஜூன் 4
தலைவலி. லீவு கேட்டேன். கிடைக்கவில்லை.

ஜூன் 9
அதிகாரி என் மேஜை முன் வந்து நின்றார். "மேடம், நம்ம நூலகத்துலயே அதிகமா எழுதினவர் யாரு தெரியுமா? 'இப்படிக்கு'ன்னு ஒருத்தராம்!"

கடவுளே. நோட்டீஸின் அடியில் இருக்கும் 'இப்படிக்கு'வை ஆசிரியர் கட்டத்தில் அடித்துக்கொண்டே போயிருக்கிறேன். அலுப்பில் கை தானாக ஓடியிருக்கிறது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும்தான்.

சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "இதையெல்லாம் யாரு கேட்டு வரப்போறா? மாசக் கடைசியில எடைக்குப் போட்டுடலாம். உங்களுக்கும் நிம்மதி."

நிம்மதிதானே? பின்னே ஏன் வீட்டுக்குக் கிளம்பாமல் இன்னொரு பெட்டியைப் பிரித்தேன்?

ஜூன் 10
வீட்டுக்காரரிடம் சொன்னேன். "குப்பைக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவியா?" என்றார். எங்கள் கல்யாணப் பத்திரிகையை பீரோவில் பூட்டி வைத்திருக்கும் மனுஷன்!

ஜூன் 18
ஒரு அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். இவர் பள்ளியில் படிக்கும்போது அண்ணன் காணாமல் போய்விட்டாராம். "இருந்த ஒரே போட்டோவ நோட்டீஸ் அடிக்க அச்சகத்துல குடுத்தோம். திரும்பி வரல. ஊரெல்லாம் ஒட்டினோம், ஒண்ணு எடுத்து வைக்கணும்னு யாருக்குமே தோணலம்மா."

கணினியில் தேடினேன். தலைப்பு: காணவில்லை. ஆசிரியர்: இப்படிக்கு. பெட்டி எண்ணும் இருந்தது. திறந்தேன். ஓரம் கிழிந்த மஞ்சள் தாள், பின்னால் காய்ந்த பசை. கோடு போட்ட சட்டையில் ஒரு இளைஞன்.

வெகுநேரம் பார்த்தார். "அண்ணன் இப்ப எனக்கு மகன் மாதிரி இருக்கான்" என்றார். பிறகு அடிவரியை வாய்விட்டுப் படித்தார்: "கண்டவர்கள் உடனே தகவல் தரவும். இப்படிக்கு, தாய் தந்தையர்."

"நான் கண்டுட்டேன். தகவல் சொல்லத்தான் அவங்க ரெண்டு பேரும் இல்ல."

பின்னால் நின்றிருந்த அதிகாரி ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டார்.

ஜூன் 30
எடைக்காரர் தராசோடு வந்தார், வெறுங்கையோடு போனார். இடுப்பு வலி அப்படியே இருக்கிறது.

ஆசிரியர் பெயரைத் திருத்திவிடவா என்று அதிகாரியைக் கேட்டேன்.

"வேணாம் மேடம், இருக்கட்டும். அவரத் தேடி இன்னும் யாராவது வருவாங்க."

அடுத்த பெட்டியைப் பிரித்தேன். மேலேயே அந்தப் பல் டாக்டர்.