டை கட்டிய நரி

1966, ஞாயிறு இரவு

சமூக நிலையத்துத் தொலைக்காட்சியில் இன்று இரண்டு கார்ட்டூன்கள் போட்டார்கள். முதல் படத்தை எடுத்த கம்பெனிக்காரன் பூனை முதுகை வளைப்பதைக்கூடப் படம் படமாக வரைந்திருந்தான். அடுத்த கம்பெனி சுத்த ஏமாற்று. நரி பேசும்போது தலை மட்டும் ஆடுகிறது, உடம்பு மரக்கட்டை மாதிரி நிற்கிறது. தலையைத் தனியாக வரைந்து சேர்த்த ஒட்டு தெரியக் கூடாதென்று கழுத்தில் ஒரு டை! ஓடினால், பின்னால் அதே மரம் திரும்பத் திரும்ப வருகிறது.

"சோம்பேறிப் பயலுங்க! இதெல்லாம் ஒரு படமா?" என்று கத்திவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

என்னோடு சினிமா பேனர் வரையும் மச்சான் செல்வம் பக்கத்தில் இருந்தான்.

"சும்மா இருங்க லா, மச்சான். போன வாரம் பழைய பேனர்ல உடம்ப அப்படியே விட்டுட்டு, தலைய மட்டும் புது ஹீரோவுக்கு மாத்துனீங்களே. கழுத்துல எதுக்கு அவ்ளோ பெரிய மாலை?"

"முதலாளி ரெண்டே நாள்தான் குடுத்தாரு!"

"அவங்களுக்கு மட்டும் ரெண்டு வருஷமா குடுத்திருப்பாங்க?"

எழுந்து வந்துவிட்டேன். இன்னும் எரிகிறது. அவன் யார் என்னைக் கேட்க?

வரும் வழியில் சிராங்கூன் சாலையில் அந்தப் பேனரைப் பார்த்தேன். மாலை போதவில்லை. இடப்பக்கம் ஒட்டு தெரிகிறது.