படகுத் தகடு போட்ட கார்

என்னைச் சண்டைக்காரி என்றே கூப்பிட்ட அன்பு அண்ணனுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். உன் மருமகள் இப்போதுதான் தூங்கினாள். நீ பார்க்காத மருமகள். மூக்கு மட்டும் அப்படியே உன்னுது. மூச்சு வருகிறதா என்று கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன். சிரிக்காதே.

உன் கார் பந்தயத்தில் ஓடிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சேத்தியாத்தோப்பில் ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால், கோழி அடைகாத்துக்கொண்டிருந்த அந்த இரண்டு கதவு ஹெரால்டு காரை நீ லாரியில் ஏற்றி வந்தது ஞாபகம் இருக்கிறதா? "காரு வாங்கப் போனவன் கோழிக்கூடு வாங்கியாந்திருக்கான் பாரு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நீயும் உன் மச்சானும், அதான் என் வீட்டுக்காரர், அதைப் பந்தயத்தில் ஓட்டுவதாக அப்போதே முடிவு செய்துவிட்டீர்கள். பிறகு காமாலை வந்து நீ போய்விட்டாய். அவருக்கு நீ விட்டுப்போனது என்னையும் அந்தத் துருப்பிடித்த காரையும்தான்.

சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நேராகக் காருக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவார். சீட்டு ஒரு பழைய வேனிலிருந்து, பெல்ட்டு, பழைய இரும்புக்கு உடைத்த ஜீப்பிலிருந்து. புதிதாக வாங்கியது ஹெல்மெட் ஒன்றுதான். அதற்கும் நான் அழ வேண்டியிருந்தது. தரைத் தகட்டைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடலூர்க் காற்று இரும்பைச் சும்மா விடுமா? உள்ளே உட்கார்ந்தால் கீழே மண் தெரிந்தது. டிங்கர் கடைக் கூலி கட்டுப்படியாகாமல், துறைமுகத்தில் இரும்புப் படகுகளுக்கு வெல்டிங் வைக்கும் ஆரோக்கியம் அண்ணனைக் கூட்டி வந்தார்.

"எவ்ளோ கனத்துல தகடு போடட்டும்?" என்று அவர் கேட்டது உன் மச்சானிடம். பதில் சொன்னது நான்.

"படகுக்குப் போடுறதையே போடுங்கண்ணே. ரெட்டையா போடுங்க."

"ஏம்மா, இது ரோட்டுல போவணுமா, கடல்ல போவணுமா?"

"வூட்டுக்குத் திரும்பி வரணும்ணே."

சிதம்பரத்தில் பௌதிகம் படித்தவள் நான். எடை ஏறினால் வேகம் குறையும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன். அது உன் மச்சானுக்கும் தெரியும். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அவ சொன்னாப்லயே போட்டுருங்க" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை சென்னைப் பக்கம் பந்தயம். நம் கார் கடைசி. கடைசி என்றால், மற்றவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றி டீ குடிக்கத் தொடங்கிய பிறகு. நடுவில் ஒரு வளைவில் முன்னால் போன கார் சுழன்று நின்றுவிட்டது. எனக்கு உயிரே இல்லை. இவர் பதறவில்லை. வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, அந்த ஆளுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனார். பாப்பா வாசலில் நிற்கும்போது பைக்கை எடுக்கிற அதே நிதானம். இந்த மனுஷனை நினைத்தா நான் அவ்வளவு பயந்தேன்?

திரும்பும்போது கூட வந்த நண்பர் விடவில்லை. "ஏன்டா, நங்கூரத்தையும் சேத்து வெல்டு பண்ணிட்டாரா? அந்தத் தகட்ட வெட்டிப்போடு, அடுத்த தடவ நடுவுலயாவது வருவ."

"அது அவளோட தகடு. அவ சொன்னா வெட்டலாம்" என்றார் உன் மச்சான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். கேட்காமல் இருக்கிறாரே, அதுதான் தொல்லை.

பின்பக்கத் தகட்டை மட்டும் வெட்டட்டும், அவர் உட்காரும் இடத்துக்குக் கீழே இருப்பது இருக்கட்டும் என்று தோன்றுகிறது. நீ இருந்தால் முழுசையும் வெட்டச் சொல்வாய். ஆனால் உன் பேச்சை எப்படி நம்புவது? கீழாநெல்லி போதும், டாக்டர் எதற்கு என்றவன்தானே நீ. அன்றைக்கு நான் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருந்தால் கேட்டிருப்பாயா?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். வெட்டுகிற அன்று பாப்பாவை அம்மாவிடம் விட்டுவிட்டு, சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுக்கப்போவது நான்தான். மனசு மாறி நடுவில் நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

தகட்டை வெட்ட ஆரோக்கியம் அண்ணன் வெள்ளிக்கிழமை வருகிறார். கோட்டை எங்கே போடட்டும் அண்ணா? கனவிலாவது வந்து சீக்கிரம் பதில் சொல்லு.

உன் தங்கச்சி,
மலர்